சூடேறினால் மறுக்கும் ஒஸ்ரின்

என் மருமகன் குணரத்தினத்தைப் பற்றி முதியோர் சங்கத்து மலருக்கு ஏதாவது சொல்லுங்கோ என்று மலர் வேலை பார்க்கும் ரதிதேவி வந்து கேட்டாள். சொல்கிறேன், நீ எழுது, ஆனால் ஓரிடத்திலும் சீனி தூவக் கூடாது என்றேன். எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. எழுதினதைத் திருப்பி வாசிக்கச் சொல்லிக் கேட்பேன் என்று அவளுக்குத் தெரியும்.

குணரத்தினம் நல்ல மனிதர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல இடம் வராது. இங்கே நியூசிலாந்து ஓக்லாந்தில், ஈஸ்ட் டாமாக்கியில் பிளாஸ்டிக் வாளி செய்யும் தொழிற்சாலையில் இருபத்துநாலு வருடம் நின்றவர். ஒரு நாள் பிந்திப் போனதில்லை. என் மகள் யோகராணியை ஒரு சொல் கடிந்ததில்லை. எனக்கு முழங்காலில் ஒப்பரேசன் செய்தபோது இரண்டு கிழமை லீவு போட்டு, என்னைத் தாங்கித் தாங்கி நடக்கப் பழக்கினவர். இவ்வளவும் உண்மை. ஓய்வெடுத்த அடுத்த மாதம் அந்தக் கண்டறியாத கார் மனுரேவாவில் எங்கள் வீட்டுக்கு வந்தது. அதோடு இந்த நல்ல பேச்சு முடிந்தது.

வைக்காட்டோப் பக்கம் யாரோ பால்பண்ணைக்காரனின் கொட்டிலில் கிடந்ததை லொறியில் ஏற்றிக் கொண்டுவந்தார். ஒஸ்ரின் ஏ நாற்பது. எழுபது வருடத்துக் கிழடு. பின் இருக்கையில் கோழி எச்சம் ஒரு விரல் தடிப்புக்குக் காய்ந்து கிடந்தது. இருக்கைக்குள்ளே எலி குட்டி போட்டிருந்தது. கதவைத் திறந்ததும் வந்த மணத்தில் எனக்குச் சத்தி வந்தது. இந்த மனிதர் தலையை உள்ளே விட்டு மூச்சை இழுத்துக்கொண்டு நிற்கிறார்.

“மாமி, இதுதான் மாமி! இதே கார்தான்!”

“கோழிக்கூட்டையோ சொல்லுறீங்கள்?” என்றேன்.

இதே கார் என்று அவர் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஊரில் அவர் பஸ் கொண்டக்டர். சண்டையில் பஸ் நின்றுபோக, தொண்ணூற்றொன்றில் அவருடைய தாய்மாமன் தன் வாடகைக் காரைக் கையில் கொடுத்தார். அதுவும் ஒஸ்ரின். அதற்கு முன் அவர் எந்தக் காரின் ஸ்ரியரிங்கையும் தொட்டதில்லை. யாழ்ப்பாணத்துக்குள் பெற்றோல் விடாமல் அரசாங்கம் மறித்திருந்த வருடங்கள் அவை. எப்படியோ நாலு வருடம் அந்தக் காரை ஓட்டினார். தொண்ணூற்றைந்தில் எல்லோரும் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது சாவகச்சேரி ரோட்டில் அதை விட்டுவிட்டு நடந்தோம்.

அந்தக் காலத்தைப் பற்றி வேறு எதுவும் அவர் வாயில் வராது. செல் விழுந்தது, பங்கருக்குள் இருந்தது, செத்த சனம், ஒன்றும் கதைக்க மாட்டார். இங்கே பிறந்த மகள் கஜானி சின்ன வயதிலிருந்து “அப்பா, ஊரில நீங்க என்ன செய்தீங்க?” என்று கேட்பாள். கார் எப்படி ஓடினது என்றுதான் சொல்வார். அவளுக்குத் தகப்பனின் ஊர் என்றால் ஒரு கார். அவ்வளவுதான்.

ஆகையால் கஜானிக்குக் கல்யாணம் பேசி முடிந்ததும் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். “அப்பா, உங்கட காரில்தான் நான் கோயிலுக்கு வருவன். லிமோசின் ஒண்டும் வேண்டாம்.” மாப்பிள்ளை சந்தீப், எல்லர்ஸ்லியில் கணினி வேலை, கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பிள்ளை. அவருடைய ஆட்கள் வெள்ளை நிறத்தில் நீளமான கார் ஒன்றைப் பேசி வைத்திருந்தார்கள். கஜானி மாட்டேன் என்று நின்றுவிட்டாள். குணரத்தினம் அன்றைக்கு இரண்டு தரம் குளித்தார். சந்தோசம் வந்தால் அவர் குளிப்பார்.

ஒன்றரை வருடம் வீட்டுக் கராச்சில் வைத்துத் திருத்தி அவர் ஓடவைத்த காரின் நோயை இப்போது சொல்கிறேன். காலையில் எஞ்சினை எழுப்பும் குமிழை ஒருமுறை இழுத்தால் போதும், எழும்பிவிடும். பாப்பகூராவுக்குப் போய்த் திரும்பி வா என்றால் வரும். நிற்பாட்டக் கூடாது, அதுதான் வில்லங்கம். ஓடிச் சூடான காரை நிற்பாட்டி, ஒரு கால் மணித்தியாலம் கழித்து வந்து இழுத்தால் ர்ர்ர் என்று சுற்றும், பற்றாது. ஒரு மணித்தியாலம் ஆறவிட்டால் ஒன்றும் நடக்காதது போலப் பற்றும். குளிர்காலத்தில் இந்தச் சேட்டை இல்லை. வெயில் வந்ததும் தொடங்கினது.

கல்யாணம் பெப்ரவரியில். பெப்ரவரியை விட வெயில் இந்த ஊருக்கு இல்லை. அதற்கு மேலே, வீட்டிலிருந்து கோயிலுக்குப் போகும் வழியில் தாவரவியல் பூங்காவில் இறங்கி அரை மணித்தியாலம் படம் எடுக்க வேண்டும் என்று படக்காரனோடு பேசியாகிவிட்டது. ஓடி, சூடாகி, நின்று, திரும்பவும் பற்ற வேண்டும். பற்றாவிட்டால் மணப்பெண் பூங்காவில் நிற்பாள், முகூர்த்தம் கோயிலில் போகும்.

ஜனவரியில் என்னை மீன்கடைக்கு ஏற்றிக்கொண்டு போனார். மீன் வாங்கி வந்து ஏறினால் கார் மறுத்துவிட்டது. தார் உருகும் வெயில். மடியில் மீன் பை. ஒரு மணித்தியாலம் இருந்தேன். அந்த மீன் என் மடியிலேயே பழுதாகினது. பையிலிருந்து தண்ணீர் ஒழுகிச் சேலையெல்லாம் நாற்றம். கார்த் தரிப்பிடத்தில் போன வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு கைகாட்டிச் சிரித்துவிட்டுப் போனாள். மருமகன் பொனட்டுக்குள் இருந்து தலையை எடுத்து, “பற்றரிதான் மாமி, வேறொண்டுமில்லை” என்றார்.

பற்றரி மாற்றினார். பற்றவில்லை. பொறி குடுக்கிற கொயில் சூட்டில் செத்துப்போகுது என்றார், கொயில் மாற்றினார். பற்றவில்லை. பிளக்குகளைக் கழற்றி என் பல்லுத் தீட்டும் பிரஷ்ஷால் தேய்த்தார். ஒரு நாள் நான் பால் காய்ச்சும் சட்டியில் ஏதோ பித்தளைச் சாமான் கொதித்துக்கொண்டு கிடந்தது. தண்ணீரின் மேலே எண்ணெய் ஏழு நிறத்தில் மிதந்தது.

“இதென்ன கறுமம்?”

“தேமோஸ்டற் மாமி, எஞ்சின் தண்ணியைத் திறந்துவிடுற மூடி. சூட்டில திறக்குதோ எண்டு பாக்கிறன்.”

“திறந்ததோ?”

“ஓம், வடிவாத் திறக்குது.”

“அப்ப அந்தச் சட்டியையும் திறந்த கையோட குப்பையில போடுங்கோ.”

அது போதாது என்று, பெற்றோல் வரும் குழாயில் மரக் கிளிப் மாட்டினால் சூடு இறங்கும் என்று யாரோ பழைய கார்க்காரன் சொல்லியிருக்கிறான். உடுப்புக் காயப்போடும் என் முப்பது கிளிப்பும் போனது. என் சேலை புல்லில் விழுந்து கிடந்தது, நாய் அதில் படுத்திருந்தது. இரண்டு நாள் கழித்துக் கிளிப்புகளைத் திருப்பித் தந்தார். சில கருகிப்போய் இருந்தன. எல்லாம் பெற்றோல் நாற்றம். அவற்றில் காயப்போட்ட தலையணை உறையில் படுக்க முடியவில்லை.

நாற்றம்தான் எனக்கு ஆகாதது. கராச்சுக்குள் நாற்றம், சோற்றுக் கோப்பையில் நாற்றம். நகத்துக்குள் கறுப்போடு வந்து பிட்டைப் பிசைவார். நான் என் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போய் முன்வாசலில் இருந்து சாப்பிடுவேன்.

சந்தீப்பின் தகப்பன், சம்பந்தி பழனிசாமி வீட்டுக்கு வந்தது அந்தக் கிழமைதான். கோயம்புத்தூரில் பஞ்சாலை மெஷின்களைத் திருத்திக் கிழவனானவர். எந்த மெஷினையும் கண்டால் சும்மா இருக்க மாட்டார். பொனட்டைத் திறந்து பார்க்க மருமகன் வேறு எவரையும் விட்டதில்லை. சம்பந்தியை மறுக்க முடியவில்லை.

“ஏனுங்க சம்பந்தி, ஆஸ்டினு நல்ல வண்டிங்க. இதை நீங்க பாத்துப் பாத்தே கெடுத்துப்போட்டீங்க போல.”

“ஒஸ்ரினைப் பற்றி எனக்கு ஒருத்தரும் படிப்பிக்கத் தேவையில்லை” என்றார் மருமகன்.

“நான் எங்கீங்க படிப்பிக்கறேன்? வெள்ளைக் கார் புக்கிங் இன்னும் கேன்சல் பண்ணலீங்க, அதைச் சொல்லீட்டுப் போலாம்னு வந்தேன்.”

மருமகனின் முகம் கறுத்தது. கல்யாணத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்ப்பது என்று முடிவாகினது. அதே வழி, அதே பூங்கா, அரை மணித்தியாலம் நிற்பாட்டு. பற்றினால் ஒஸ்ரின். பற்றாவிட்டால் வெள்ளைக் கார். மருமகனே அப்படிச் சொன்னார். சொல்லும்போது கஜானியின் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்றைக்கு இருபத்தெட்டு டிகிரி. ஓக்லாந்துக்கு அது நெருப்பு. மருமகன் ஓட்ட, சம்பந்தி முன்னால் இருக்க, நானும் யோகராணியும் பின்னால். நான் மூக்கில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு இருந்தேன். பூங்காவில் நிற்பாட்டி, மரநிழலில் அரை மணித்தியாலம் இருந்தோம். பிறகு மருமகன் போய்க் குமிழை இழுத்தார்.

ர்ர்ர். ர்ர்ர். ர்ர்ர்.

யோகராணி கண்ணை மூடிக்கொண்டாள்.

சம்பந்தி ஒரு சொல்லும் நக்கலாகச் சொல்லவில்லை. சட்டைக் கையை மடித்தார். “நீங்க இழுங்க சம்பந்தி, நான் பாக்கறேன்” என்று ஒரு பிளக்கைக் கழற்றி வயரில் மாட்டி எஞ்சினில் தொடவைத்தார். மருமகன் இழுக்க, நீலமாகப் பொறி பறந்தது.

“நெருப்பு நல்லா வருதுங்க. அப்ப கொயில், பேட்டரி எதுக்கும் கேடில்லை. நீங்க மாத்துனதெல்லாம் தெண்டமுங்க.”

பிறகு, பெற்றோல் எஞ்சினுக்குள் போகும் காபரேட்டர் வாயில் குழாயைக் கழற்றி ஒரு பால் போத்தலுக்குள் விட்டார். தள்ளுவண்டியில் வந்த சின்னப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க, திரும்பவும் இழுக்கச் சொன்னார். பெற்றோல் பீச்சியடிக்க வேண்டும். வரவில்லை. நுரைதான் வந்தது, சவர்க்காரத் தண்ணீர் மாதிரி, பொளுக் பொளுக் என்று.

“பாத்தீங்களா? பெட்ரோலு பெட்ரோலா வர்லீங்க, கொதிச்சு ஆவியா வருது. பம்பு ஆவியத் தள்ளுமுங்களா? ஓடும்போது காத்துப் பட்டுச் சமாளிக்குது. நின்னா, எஞ்சின் சூடு பூராத்தையும் பைப்பு வாங்கிக்குது. எங்கயோ இதை அடுப்புல வெச்சிருக்கீங்க.”

பம்பிலிருந்து குழாயை விரலால் தடவிக்கொண்டே போனார். புகை போகும் இரும்புக் குழாயில் வெள்ளி நிறத் துணி சுற்றிப் பெரிய கட்டுப் போட்டிருந்தது. பெற்றோல் குழாய் அந்தக் கட்டுக்குள் நுழைந்து மறுபக்கத்தால் வந்தது.

“இந்தக் கட்டுக்குள்ள என்னங்க இருக்குது?”

“அது கொம்பனி வேலை. அப்பிடித்தான் வாறது.”

“வண்டியோட புஸ்தகத்துல படம் பாத்தேனுங்க. பைப்பு ஓரமாப் போகுது.”

“படம் கீறினவனுக்கு என்ன தெரியும்? நான் நாலு வருசம் ஓடினனான்!”

நான் எழும்பிப் போனேன். யோகராணி “அம்மா, நீங்கள் ஏன்?” என்று கையைப் பிடித்தாள். உதறிவிட்டேன். கிட்டப் போய்க் குனிந்து பார்த்தேன். இரண்டு வருடத்தில் அந்தப் பொனட்டுக்குள் நான் பார்த்தது அதுதான் முதல் தரம், அருவருப்பில் கிட்டப் போவதே இல்லை. கட்டின் தடிப்பைக் கண்டதும் எனக்கு விளங்கிவிட்டது. ஏன் தெரியுமோ, அதே கட்டை நான் ஊரில் கண்டிருக்கிறேன். வெள்ளித் துணிக்குப் பதில் அங்கே பழைய சாக்குக் கயிறு.

“அவிழுங்கோ தம்பி.”

“மாமி, உங்களுக்கு இது விளங்காது.”

“விளங்கத் தேவையில்லை. அவிழுங்கோ.”

“சூடு மாமி, கை வேகும்.”

“நான் நிக்கிறன். ஆறட்டும்.”

நின்றேன். முழங்கால் நொந்தது, நின்றேன். சம்பந்தி பழைய துணியை நனைத்துப் போட்டார். ஆறினதும் மருமகன் பல்லைக் கடித்துக்கொண்டு அவிழ்த்தார். உள்ளே செம்புக் குழாய், புகை இரும்பை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. பாம்பு மாதிரி. சம்பந்தி வாயைத் திறந்தபடி நின்றார்.

“ஏனுங்க, யாராவது பெட்ரோலைக் கொண்டுபோய்ச் சைலன்சர்ல சுத்துவாங்களா?”

“பெற்றோலைச் சுத்த மாட்டினம்” என்றேன். “மண்ணெண்ணெயைச் சுத்துவினம். பெற்றோல் இல்லாத காலத்தில ஊரில எல்லாக் காரும் மண்ணெண்ணெயில ஓடினது. குளிர் மண்ணெண்ணெய் பற்றாது. அதைச் சூடாக்கத்தான் குழாயை இப்பிடிச் சுத்தினவை. தம்பி, இப்ப என்ன மண்ணெண்ணெயோ ஊத்துறீங்கள்?”

மருமகன் என்னைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார்.

அவருடைய பிழை இதுதான். அவர் கையில் கார் வந்தபோதே குழாய் சுற்றியிருந்தது. மாமன் சுற்றியிருந்தார். பெற்றோலில் ஓடும் ஒஸ்ரினை அவர் வாழ்க்கையில் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. ஒஸ்ரின் என்றால் அந்தச் சுற்றோடுதான் என்று நினைத்துவிட்டார். இங்கே புதுக் குழாய் வளைத்தபோது கை தானாக இரண்டு சுற்றுச் சுற்றியிருக்கிறது. மேலே வெள்ளித் துணியும் கட்டி அழகு பார்த்திருக்கிறார். புத்தகத்தில் படம் வேறு மாதிரி இருக்க, படம் பிழை என்று சொல்லியிருக்கிறார்! இப்படி ஒரு தலைக்கனத்தை நான் கண்டதில்லை. என்னிடமும் உண்டு, ஆனால் நான் அதைக் காருக்குள் வைப்பதில்லை.

எனக்கு வந்த அருவருப்பைச் சொல்ல முடியாது. அந்த நாலு வருடமும் எங்களுக்குச் சோறு மண்ணெண்ணெய், தண்ணீர் மண்ணெண்ணெய், உடுத்த சேலை மண்ணெண்ணெய். கார் கக்கும் கறுப்புப் புகையில் நின்று லைனில் அரிசி வாங்கினேன். அந்தக் கறுமத்தை விட்டுத் தொலைத்தோம் என்று இருந்தேன். அது இங்கே மனுரேவாவில், என் கிளிப்புக்கும் பால்சட்டிக்கும் பக்கத்தில், வெள்ளித் துணி போர்த்துக்கொண்டு இருந்திருக்கிறது. அங்கேயே காறித் துப்பினேன். சம்பந்தி மற்றப் பக்கம் பார்த்தார்.

மருமகன் பாதை ஓரத்தில் குந்தினார். கையில் அந்தத் துணி.

“இஞ்சருங்கோ” என்றாள் யோகராணி. “அப்ப பற்றரி, கொயில், அம்மாட சட்டி எல்லாம் நட்டமோ?”

“நீர் பேசாமல் இரும்” என்றார்.

புதன்கிழமை புதுக் குழாய் வளைத்து, புகை இரும்பிலிருந்து ஒரு முழம் தள்ளி ஓரமாகக் கொண்டுபோனார். பழைய சுற்றுக் குழாயைக் கராச்சுத் தட்டில் துடைத்து வைத்திருந்தார். நான் இடுக்கியால் பிடித்துக்கொண்டுபோய்க் குப்பை வாளியில் போட்டேன். அவர் கண்டுகொண்டுதான் நின்றார்.

ஓட்டிப் பார்க்கலாம் என்றால் வியாழனும் வெள்ளியும் மழை, குளிர். குளிரில் பற்றுவது ஒரு சாட்சியா? சனிக்கிழமை கல்யாணம். விடிந்ததே வெயிலோடு.

கஜானி கல்யாணப் பட்டோடு பின்னால் ஏறினாள். பக்கத்தில் யோகராணி, மற்றப் பக்கம் நான். மருமகன் பட்டு வேட்டி. வெளிக்கிட்டதும் என் காலில் ஏதோ தட்டுப்பட்டது. குனிந்தால், மருமகனின் இருக்கைக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் போத்தல், மெல்லிய குழாயோடு. ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றும் போத்தல் மாதிரி. மணந்து பார்த்தேன். பெற்றோல். ஊரிலும் இப்படித்தான், மறுக்கிற எஞ்சினுக்குச் சொட்டுச் சொட்டாகப் பெற்றோல் விடுவார்கள். சூடான எஞ்சினில், கல்யாணக் காரில், என் பேத்தியின் கல்யாணப் பட்டுக்குப் பக்கத்தில்! போத்தலை என் பட்டுச் சேலைக்குள் மூடி இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

பூங்காவில் இறங்கினோம். இந்த மனிதர் எஞ்சினை நிற்பாட்டவில்லை. பூவுக்கு முன்னால் பெண் நிற்கிறாள், பக்கத்தில் கார் டகடக என்று புகை விடுகிறது. படக்காரன் இருமுகிறான். எங்களுக்குப் பின்னால் வந்து சேர்ந்த சம்பந்தி என் காதருகில் வந்து, “வெள்ளைக் கார் பின்னால கேட்டுல நிக்குதுங்க, எதுக்கும் இருக்கட்டும்னு” என்றார். அவர் கையில் போத்தலைக் கொடுத்தேன். “இதைக் கொண்டுபோய் உங்கட புல்லு வெட்டுற மெஷினுக்கு ஊத்துங்கோ. அவருக்குக் குடுக்காதையுங்கோ.”

கஜானி முகத்தைச் சுளித்தாள். “அப்பா, ஸ்மெல் தாங்கேலாது. ஓஃப் பண்ணுங்கோ.”

“பிள்ளை, நிப்பாட்டினால்...”

“அது பற்றும் அப்பா. இல்லாட்டி நாங்க எல்லாரும் தள்ளுவம். ஓஃப்.”

நிற்பாட்டினார். முப்பத்தைந்து நிமிடம் படம் எடுத்தார்கள். அவர் ஒரு படத்திலும் சிரிக்கவில்லை. எல்லாப் படத்திலும் பொனட்டைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

திரும்பவும் ஏறினோம். அவர் முதலில் இருக்கைக்குக் கீழே கையை விட்டுத் துழாவினார். திரும்பி என்னைப் பார்த்தார். நான் வெளியே பார்த்தேன். வேறு வழியில்லாமல் சாவியைத் திருப்பிக் குமிழை இழுத்தார்.

ர்ர் என்றது. இரண்டாவது ர்ர் வரவில்லை. பற்றிவிட்டது.

கஜானி முன்னால் எட்டித் தகப்பனின் தோளைத் தட்டினாள். அவர் தலையாட்டினார், வேட்டித் தலைப்பால் முகத்தைத் துடைத்தார், ஓட்டினார். முகூர்த்தத்துக்குப் பத்து நிமிடம் முந்திப் போய்ச் சேர்ந்தோம். ஐயர் என் பக்கம் வரும்போதெல்லாம் மூக்கை உறிஞ்சினார். என் பட்டுச் சேலையில் இன்றைக்கும் பெற்றோல் நாறுகிறது. மூன்று தரம் கழுவியாகிவிட்டது.

போன சனிக்கிழமை மருமகன் வந்து நின்றார். “மாமி, மீன்கடைக்குப் போவமோ? இனி நிப்பாட்டினாலும் பற்றும்.”

வருகிறேன் என்றேன். ஆனால் மீன் பை உங்கட மடியில்தான் இருக்க வேணும் என்றேன்.

ஓம் என்றார். வீடு வரும்வரை அங்கேதான் இருந்தது.